இருபத்தேழாம் எண் கேட்ட ஐயங்கள்

வெள்ளைத் தாள் கேட்டேன். கோடு போட்ட தாள் கொடுத்தீர்கள். அதுவும் நல்லதே. கோடு இல்லாவிட்டால் என் கையெழுத்து வரி முடிவில் மேலேறிப் போய்விடும். பள்ளியில் என் ஆசிரியர் அதற்காக என் விரல் முட்டியில் அடிப்பார். அதே தவற்றைச் செய்த பொறியாளர் மகனை அடிக்க மாட்டார். அவன் தோளில் கை வைத்து, "பார்த்து எழுதுப்பா" என்பார். இதை ஒரு மனக்குறையாக எழுதவில்லை. என் ஆராய்ச்சி எங்கே தொடங்கியது என்று நேற்றுக் கேட்டீர்கள். அந்த விரல் முட்டியில்தான் தொடங்கியது.

விசாரணை அதிகாரி அவர்களே, நான் முப்பது ஆண்டுகள் மேடையில் பேசியவன். பேசாத நாளில் துண்டறிக்கை எழுதியவன். ஆலை வாசல்களில், பேருந்து நிலையங்களில், மழைக்கு ஒதுங்கியவர்கள் நடுவில்கூட ஒன்றையே சொல்லி வந்தேன். வகுப்பறைக்கு நான்கு சுவர்கள் உண்டு. ஐந்தாவது சுவர் ஒன்றும் உண்டு. அது முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவில் நிற்கிறது. ஆசிரியரின் பார்வை முதலில் விழும் இடம் முன் வரிசை. அங்கே யார் அமர்வது என்பதைத் தகப்பனின் உத்தியோகம் முடிவு செய்கிறது. இயந்திரம் தகப்பன் பெயரைக் கேட்காது. சட்டையின் கிழிசலைப் பார்க்காது. எனவே, ஏழைப் பிள்ளையின் முதல் நேர்மையான ஆசிரியர் இயந்திரமாகத்தான் இருக்க முடியும் என்றேன். கைதட்டினார்கள். கைதட்டலால் ஒன்றும் மாறாது என்று உணர்ந்த வயதில் மேடையை விட்டிறங்கி ஆய்வு மையத்தில் சேர்ந்தேன்.

ஆய்வு எளிமையானது. அறிவியல் பாடம் ஒன்று, பன்னிரண்டு வாரம், இரண்டு குழுக்கள். நாற்பது பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியரிடம் படிப்பார்கள். நாற்பது பிள்ளைகள் வீட்டிலிருந்தே, நாங்கள் கொடுத்த கைக்கணினியில், காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை படிப்பார்கள். இறுதியில் இரு குழுவுக்கும் ஒரே தேர்வு. இணையவழிக் குழு சமமாகவோ மேலாகவோ மதிப்பெண் பெற்றால், வாத்தியாரே வராத நானூறு பள்ளிகளுக்கு இம்முறையைக் கொண்டுபோவதாகக் கல்வித் துறை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு நிபந்தனை மட்டும் கடுமையானது. நாற்பதில் முப்பத்தேழு பேராவது தேர்வை எழுதி முடிக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஆய்வு செல்லாது.

பதினோராம் வாரத்துக்குள் மூவர் விலகிவிட்டனர். ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனது. ஒரு பெண் கைக்கணினியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டுப் பயந்து ஒளிந்துகொண்டாள். மூன்றாமவன், "போரடிக்குது" என்றான். மூவரில் அவன் காரணம்தான் நேர்மையானது. மிச்சம் சரியாக முப்பத்தேழு பேர்.

ஆய்வில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டுமே. பிள்ளைகளின் அந்தரங்கத்தைக் காப்பது ஆய்வு அறம். நீங்கள் யாரைப் பற்றி விசாரிக்கிறீர்களோ அவள் இருபத்தேழாம் எண். வயது பன்னிரண்டு.

அவளுடைய தாயை நான் முதலில் கண்டது தொழிலாளர் குடியிருப்பின் முற்றத்தில். பெற்றோரிடம் ஆய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பெரிய சலவை நிலையம் ஒன்றில் துணி தேய்க்கும் பிரிவில் வேலை செய்கிறவர். கணவர் தொலைதூர லாரி ஓட்டுநர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கூட்டத்தில் முதலில் எழுந்தவர் அவர்தான்.

"நான் பிடிக்கிறது இஸ்திரிப் பொட்டி சார். என் பொண்ணு உங்க பொட்டியப் பிடிக்கட்டும். எழுதிக்குங்க."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. என் ஒரு மணி நேரப் பேச்சுக்கு விழுந்ததைவிட அது பலத்த கைதட்டல். நான் பொறாமைப்படவில்லை.

ஆய்வுக்கு இரண்டு விதிகள் வகுத்தேன். இரண்டும் என்னுடையவை, மையத்தில் வேறு எவரையும் இதற்குப் பொறுப்பாக்க வேண்டாம்.

முதல் விதி, பாட நேரத்தில் பெரியவர் எவரும் அறையில் இருக்கக் கூடாது. படித்த அண்ணன் பக்கத்தில் அமர்ந்தால் இயந்திரத்தின் வேலை எது, அண்ணனின் வேலை எது என்று பிரித்தறிய முடியாது. முதல் வாரம் இருபத்தேழின் திரையில் ஒரு முழங்கை தெரிந்தது. எதிர்வீட்டில் குடியிருக்கும் அவளுடைய சித்தி. தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்டேன்.

"நான் எதுவும் சொல்லிக் குடுக்கலீங்க. சும்மா பக்கத்துல உக்காந்து துணி மடிக்கிறேன். பாவம், புள்ள தனியா இருக்காளே."

"தனியா இருந்து கத்துக்கிறதுதாம்மா இந்தப் படிப்பே."

"அப்படீங்களா. எனக்கென்னங்க தெரியும்."

அடுத்த வாரமே சித்தியும் பகல் வேலை ஒன்றைத் தேடிக்கொண்டார். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடி நடையில் அவளைத் தவிர வேறு எவரும் இல்லை என்றானது. ஆய்வுச் சூழல் இதைவிடத் தூய்மையாக அமைவது அரிது.

இரண்டாம் விதி ஐயப்பெட்டியைப் பற்றியது. பிள்ளைக்கு ஐயம் வந்தால் திரையின் ஓரத்தில் உள்ள பெட்டியில் எழுதலாம். பெட்டி அந்த வரியில் பாடச் சொல் ஏதேனும் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் உரிய பாடத்தைக் காட்டும். மனிதர் எவரும் பதில் எழுதக் கூடாது. மனிதக் கை ஒன்று நுழைந்தால், அதன் பின்னாலேயே அந்த முன் வரிசையும் நுழைந்துவிடும். ஒருவருக்கு இரண்டு வரி, இன்னொருவருக்கு ஒரு வரி என்று தொடங்குவதுதான் ஓரவஞ்சனை. முப்பத்தேழு பேருக்கும் ஒரே நீதி வழங்கினேன். எவருக்கும் பதில் எழுதவில்லை.

பாடங்களைப் பேசிய குரல் மட்டும் என்னுடையது. நடிகர் ஒருவரை அமர்த்தலாம் என்றார்கள், மறுத்துவிட்டேன். சொல்வதை நம்பிச் சொல்லும் குரல் வேண்டும் என்பது என் கருத்து.

இறுதி வாரத்தின் திங்கட்கிழமை பத்தே கால் மணிக்கு இருபத்தேழு பெட்டியில் எழுதினாள்: "வயிறு வலிக்குது. என்ன பண்றது?"

பெட்டி 'வயிறு' என்ற சொல்லைக் கண்டுகொண்டது. "நல்ல கேள்வி. ஏழாம் பாடம், செரிமான மண்டலம் என்ற பகுதியைப் பார்க்கவும்" என்று காட்டியது. அவள் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி கேட்டாள். பெட்டி மறுபடி அதே பாடத்தைக் காட்டியது. அவள் மறுபடி பார்த்தாள்.

ஐயங்களைப் படித்து வகைப்படுத்துவதற்கு ஓர் உதவியாளர் இருந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சல்லடை என்பார்கள். அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். செவ்வாய்க்கிழமை மதியம் என் மேசைக்கு வந்தாள்.

"சார், இருபத்தேழு நேத்துலேர்ந்து ஒரே கேள்வியக் கேக்குது. வலது பக்கம் கீழ வலிக்குதாம். ரெண்டு தடவ வாந்தியாம். நம்ம பெட்டி என்னடான்னா, நல்ல கேள்வி, ஏழாம் பாடத்தப் பாருன்னு சொல்லுது. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல."

"எந்த வகையில போட்ட?"

"எதுலயும் போடல. அதான் வந்தேன்."

"பாடத்துக்குத் தொடர்பில்லாததுன்னு ஒரு வகை இருக்குல்ல."

"இது ஐயம் இல்ல சார், வலி. இதுக்கு வகை போட்டு என்ன பண்ண? அவங்க அம்மாவுக்கு ஒரு போன் அடிச்சாப் போதும். நீங்க சொன்னா நான் அடிக்கிறேன்."

"வேண்டாம். நானே பேசறேன்."

அவள் நிம்மதியோடு போனாள். நல்ல பெண். ஆனால் ஆராய்ச்சி மனப்பான்மை போதாது. ஒரு பிள்ளைக்குக் காட்டும் சலுகை மற்ற முப்பத்தாறு பேருக்குச் செய்யும் துரோகம் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல அன்று நேரம் இல்லை.

புதன்கிழமை காலை, பிள்ளைகள் பாடங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற பதிவைத் திறந்தேன். இருபத்தேழு ஏழாம் பாடத்தை முழுதாகப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். பதினோராம் நிமிடத்துக்கு நேரே போய், அரை நிமிடம் கேட்டு, பின்னால் இழுத்து, மறுபடி கேட்டிருந்தாள். அந்த அரை நிமிடத்தில் என் குரல் சொல்வது இதுதான்: "பெருங்குடலின் தொடக்கத்தில், வயிற்றின் வலது கீழ்ப்புறம், விரல் போலத் தொங்குவது குடல்வால். செரிமானத்தில் இதற்குப் பெரிய பங்கு இல்லை. படத்தில் பாகம் குறிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் நோயைத் தானே கண்டுபிடித்துவிட்டது. இணையவழிக் கல்வி சிந்தனையைத் தூண்டாது என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு உண்டா என்று எண்ணினேன். எனக்கும் புரிந்துவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. என் தம்பிக்குப் பதினைந்து வயதில் அதே இடத்தில் வலித்தது. அன்று மாலையே அறுவை செய்தார்கள். இரண்டு வாரத்தில் பந்து விளையாடினான்.

அன்று மாலை நான் தாயை அழைக்கவில்லை. அவரே என்னை அழைத்தார். இந்த உரையாடலைத்தான் நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

"சார், நான் இருபத்தேழோட அம்மா பேசறேன்." பெயர் சொல்லக் கூடாது என்ற விதியை அவர் அவ்வளவு மதித்தார். "பாப்பாவுக்கு மூணு நாளா வயித்து வலி. சோடா குடுத்தேன், மாத்திர குடுத்தேன், கேக்கல. நாளைக்கு லீவு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமான்னு பாக்கறேன். போனா, பரீட்சைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"வெள்ளிக்கிழமை பரீட்சைம்மா. நாளைக்குத் திருப்புதல். இப்போ விட்டா பன்னெண்டு வாரமும் வீண். அவளுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

"ஐயோ, அப்படியா."

"பரீட்சைன்னா பிள்ளைங்களுக்கு வயிறு வலிக்கிறது சகஜம். எனக்கே மேடை ஏறுறதுக்கு முன்னாடி வலிக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க."

"பயத்துலதான்னு சொல்றீங்களா?"

"ரெண்டு நாள்தாம்மா."

"சரிங்க சார். படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்க மேஸ்திரி வேற லீவுன்னு வாயத் தொறந்தாலே குதிப்பான்." பிறகு சிரித்துக்கொண்டே, "பாடத்துல பேசறது நீங்கதானாமே? வீடு பூரா உங்க குரல்தான் சார். எங்க வீட்டுக்காரர் பேசினதக்கூட நான் இவ்வளவு கேட்டதில்ல" என்றார்.

வியாழக்கிழமை சல்லடை வந்து, "பேசினீங்களா சார்?" என்று கேட்டாள். "அம்மாகிட்ட பேசிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றேன். இரண்டுமே பொய்யல்ல. என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

அன்று பிற்பகல், பாட நேரம் முடிந்த பின்னும் இருபத்தேழு பெட்டியைத் திறந்து எழுதியிருந்தாள்: "வலி போயிடுச்சு. தேங்க்ஸ்."

பெட்டி, "வாழ்த்துகள். தொடர்ந்து முன்னேறுங்கள்" என்றது.

என் தம்பியைப் பார்த்த மருத்துவர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இந்த நோயில் வலி திடீரென்று நின்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். உள்ளே உடைந்துவிட்டது என்று பொருள். அந்த வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் நான் மருத்துவன் அல்லன். துறைக்கு வெளியே கருத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு என்றும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை முப்பத்தேழு பேரும் தேர்வு எழுதினார்கள். முப்பத்தேழு பேரும் முடித்தார்கள். மாலை ஆறு மணிக்குத் தாய் வீடு திரும்பியபோது பிள்ளை தரையில் சுருண்டு கிடந்தது. மேலெல்லாம் அனலாய்க் கொதித்தது. அறுவை மருத்துவர் உங்களிடம் தந்த வாக்குமூலத்தைப் படிக்க விட்டீர்கள். புதன்கிழமை வந்திருந்தால் சிறு வேலை, வியாழன் வந்திருந்தால் பெரிய வேலை, வெள்ளி மதியம் வந்திருந்தால்கூட முயன்றிருக்கலாம் என்கிறார். தெளிவாக எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இறந்துபோனாள்.

இறுதி ஊர்வலத்துக்குப் போனேன். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள், பேசினேன். படிப்பதற்கென்றே பிறந்தவள், கடைசி மூச்சு வரை படித்தவள் என்றேன். சித்தி ஓர் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "ஆஸ்பத்திரியிலகூட உளறலா உளறினா சார். குடல்வால், பாகம் குறி, பாகம் குறின்னு. உங்க குரல் மாதிரியே சொன்னா" என்றார். அந்தக் குடும்பம் என்னை வெறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சல்லடை வந்து சொல்லும் வரையில் வெறுக்கவில்லை.

ஆய்வு முடிவுகள் சிறப்பாக வந்தன. இணையவழிக் குழு, ஆசிரியர் குழுவைவிட நான்கு மதிப்பெண் கூடுதல். பாடங்களைப் பிள்ளைகள் தாமாகவே எத்தனை முறை திரும்பப் பார்த்தார்கள் என்ற வரைபடத்தில் ஏழாம் பாடத்துக்கு மேல் ஓர் உச்சி நிமிர்ந்து நின்றது. ஒரே மாணவி, ஒரே வாரம், பத்தொன்பது முறை. கல்வித் துறை இயக்குநர் அதைக் கண்டு மேசையைத் தட்டினார்.

"அடேயப்பா. எந்த வாத்தியார்யா ஒரே பாடத்தப் பத்தொன்பது தடவ நடத்துவான்?"

எவரும் நடத்த மாட்டார் என்றேன். நானூறு பள்ளிகளுக்கான ஆணை அந்த மேசையிலேயே கையெழுத்தானது. அன்று சல்லடை வேலையை விட்டாள். போகும்போது ஐயப்பெட்டியின் பதிவை நகலெடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்தாள் என்பதைப் பிறகு அறிந்தேன். அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. பதிவை முழுமையாக வைத்திருக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

ஆனால் அவள் கொண்டுவந்த நகல் முழுமையானதல்ல. வெள்ளிக்கிழமையின் பக்கம் பத்தரை மணியோடு நின்றுவிடும். அதன் பின் வந்த வரிகளை நான் அன்று மாலையே நீக்கிவிட்டேன். காரணம், அவற்றில் மனிதத் தலையீடு இருந்தது. இருந்தால் இருபத்தேழின் மதிப்பெண் செல்லாது. உங்களுக்குத் தெரியாத செய்தி இது. நீங்கள் கேட்கவும் இல்லை. ஆயினும் தரவை மறைப்பவன் ஆராய்ச்சியாளன் அல்லன்.

பத்து நாற்பத்திரண்டுக்கு அவள் பதின்மூன்றாம் கேள்வியில் நின்றுவிட்டாள். கைக்கணினியின் ஒளிப்படக் கருவியில் நெற்றியும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. பெட்டியில் எழுதினாள்: "யாராவது இருக்கீங்களா? எந்திரிக்க முடியல."

பாடச் சொல் எதுவும் இல்லாததால் பெட்டி, "மன்னிக்கவும், கேள்வி புரியவில்லை" என்றது.

அவள் திரையை மூடப் போனாள். மூடும் பொத்தான் இருந்த மூலைக்கு விரல் நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. மூடியிருந்தால் முப்பத்தாறு. பன்னிரண்டு வாரத்தில் ஒரே ஒருமுறை என் விதியை நானே மீறினேன். பெட்டிக்குள் கைவைத்து எழுதினேன்: "இருக்கிறேன் அம்மா. வண்டி அனுப்பிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறது. அதுவரை மிச்சக் கேள்விகளை எழுது."

வண்டி எதுவும் அனுப்பவில்லை. தேர்வு நேரத்தில் வெளியாள் அறைக்குள் நுழைவது முதல் விதிக்கு முரண். தேர்வு முடிந்த பிறகோ விடைகளைச் சரிபார்க்கும் வேலை வந்து சேர்ந்தது.

அவள், "சரி சார்" என்று எழுதினாள். அதுவரை எந்தப் பிள்ளையும் பெட்டியைச் சார் என்று அழைத்ததில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த இருபத்தெட்டுக் கேள்விகளையும் வரிசையாக எழுதினாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குடல்வாலைச் சரியான இடத்தில் குறித்திருந்தாள். நாற்பதுக்கு முப்பத்தெட்டு, இரு குழுக்களிலும் முதல் மதிப்பெண்.

கொலை என்று நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள், கையொப்பம் இடுகிறேன். ஆனால் நீதிமன்றத்தில் ஒன்றை மட்டும் தவறாமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் அன்று ஓர் ஆசிரியர் இருந்திருந்தால், அந்தப் பிள்ளையைத் தேர்வை முடிக்கவே விட்டிருக்க மாட்டார்.